பலமா, பருமனா? தோட்டத்து ஊரில் எடை தூக்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில் ஜிம் என்றால் பெரும்பாலும் கடைவீட்டு மாடிதான். இரண்டு பெஞ்ச், ஒரு ஸ்குவாட் ரேக், துரு ஏறிய பிளேட்டுகள், சுவரில் ஒரு மின்விசிறி. மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் சேரும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருபவர், தொழிற்சாலையில் காலை ஷிப்டு முடித்தவர், ஐந்தாம் படிவம் படிக்கும் பையன், சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் அனுப்பிய அக்கா என்று எல்லாரும் வருகிறார்கள். எல்லாரும் செய்வது ஒன்றே: மூன்று செட், பத்துத் தடவை. அதாவது பத்துத் தடவை தூக்கிவிட்டு ஓய்வு, அது ஒரு செட்; அப்படி மூன்று. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பாதிப் பேருக்குத் தூக்கும் எடை ஏறவில்லை என்று குறை. மறுபாதிக்கு எடை ஏறியும் உடம்பு ஏறவில்லை என்று குறை.

இரண்டு குறைக்கும் வேர் ஒன்றுதான். பலம் வேண்டுமா, பருமன் (தசையின் அளவு) வேண்டுமா என்று யாரும் முடிவு செய்யவில்லை. பலத்துக்குப் பயிற்சி செய்பவர் களைப்பை ஒதுக்கிவைத்து ஒரு தூக்கைப் பழகுகிறார். பருமனுக்குப் பயிற்சி செய்பவர் ஒரு தசையைத் திட்டமிட்டுக் களைக்க வைக்கிறார். எடை, தடவை, ஓய்வு, சாப்பாடு எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிரிகின்றன. அதைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தசை தானாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசைநார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. சில அலகுகள் சிறியவை, சீக்கிரம் களைக்காதவை. சில பெரியவை, நிறைய விசை தருபவை, ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடுபவை. உடம்பு இவற்றைக் கண்டபடி அழைப்பதில்லை. சிறியதிலிருந்து பெரியதுக்கு என்ற வரிசையில்தான் அழைக்கும். எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் 1950களிலும் 60களிலும் நிறுவிக் காட்டிய விதி இது.

பெரிய அலகுகளை வேலைக்கு வரவழைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எடையையே கனமாக்குவது. உங்களால் நான்கைந்து தடவைக்கு மேல் தூக்க முடியாத எடையென்றால் முதல் தடவையிலேயே ஏறக்குறைய எல்லா அலகுகளும் வந்தாக வேண்டும். இன்னொன்று, நடுத்தர எடையை எடுத்து, சிறிய அலகுகள் ஓய்ந்துபோகும்வரை தொடர்ந்து தூக்குவது. அப்போது கடைசிச் சில தடவைகளில் பெரியவை வந்து கைகொடுக்கும். பன்னிரண்டு தடவை தூக்கும் செட்டில் தசைக்கு உண்மையான வேலை கடைசி நான்கைந்து தடவைகளில்தான் நடக்கிறது. எட்டாவது தடவையில் சௌகரியமாகக் கீழே வைத்துவிடுபவர் கஷ்டமில்லாத பாதியை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

பலம் என்பது தசையின் அளவு மட்டும் அன்று. எத்தனை அலகுகளை ஒரே நேரத்தில் அழைக்க முடிகிறது, அவற்றுக்கு நரம்பு எவ்வளவு வேகமாகக் கட்டளை அனுப்புகிறது, எதிர்ப்பக்கத் தசை எவ்வளவு ஒதுங்கி வழிவிடுகிறது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் பலம். புதிதாக வருபவர் முதல் சில வாரங்களில் மளமளவென்று எடை ஏற்றுவது இதனால்தான். அந்தக் காலத்தில் தசை பெரிதாக வளர்ந்திருக்காது. நரம்பு வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும். அப்புறம்தான் தசை வளர்ச்சியின் பங்கு கூடும். "ரெண்டு மாசமா போறேன், கண்ணாடியில ஒண்ணும் தெரியலையே" என்று ஜிம்மை விட்டுப் போகிறவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்.

அளவு குறைந்தும் பலம் மிகுந்தவருக்கு உலகறிந்த சான்று துருக்கிப் பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமான்ஒக்லு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். அது அவர் உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். நம் நாட்டிலேயே சரவாக்கைச் சேர்ந்த பொன்னி புன்யாவ் குஸ்தின் 72 கிலோ பிரிவில், தோக்கியோ 2020 பாராலிம்பிக்கில் 228 கிலோவைப் படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளித் தங்கம் வென்றார். எடைப் பிரிவில் போட்டியிடுகிறவர்களுக்குத் தேவையில்லாத பருமன் சுமை. கட்டழகுப் போட்டியாளர் கதை வேறு. மேடையில் அவர் ஒரு கிலோகூடத் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை.

இனி, ஒரு குலை வெட்டும் தம்பி கேட்ட கேள்வி. "அண்ணே, நான் தினம் குலை தூக்குறேன். ஜிம்முக்கு வர்றவங்களைவிட நான்தான் அதிகம் தூக்குறேன். எனக்கு ஏன் உடம்பு ஏறல?" நியாயமான கேள்வி. முற்றிய குலை ஒன்று சாதாரணமாக 10 முதல் 25 கிலோ இருக்கும். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டுவதும், விழுந்த குலையைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போடுவதும் லேசான வேலை இல்லை. அவருடைய பிடியும் முதுகும் ஜிம்மில் பலருக்கு வாய்க்காதவை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அந்தச் சுமைக்கு உடம்பு பழகிவிட்டது. அதற்குப் பிறகு சுமை ஏறவே இல்லை. எந்தக் குலையும் அவரை இனித் தூக்க முடியாது என்ற எல்லைக்குக் கொண்டுபோவதில்லை. அப்படிப் போனால் நாள் முழுக்க வேலை பார்க்கவும் முடியாது. உடம்பு கேட்டதைத்தான் கொடுக்கும். நாள் முழுக்கத் தாங்கும் உழைப்பைக் கேட்டோம், அதைக் கொடுத்துவிட்டது.

இரண்டாம் படி: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டும் அரைகுறை. அதற்காக ஆயுள் முழுக்க ஒன்றையே பிடித்துத் தொங்கவும் வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒன்று, பிறகு மற்றது. இப்போது எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

கபடி ஆடுகிறீர்கள், சிலம்பம் சுற்றுகிறீர்கள், போலீஸ், ராணுவம், பொம்பா (தீயணைப்பு) வேலைக்கு உடல் தேர்வுக்குப் போகிறீர்கள் என்றால் பலம். தோட்ட வேலையில் முதுகு வலிக்காமல் இருக்க வேண்டும் என்பவருக்கும் பலம்தான். உங்கள் உச்சம் ஏறினால் அதே 20 கிலோ குலை உங்கள் பலத்தில் சின்னப் பங்காகிவிடும். சட்டை நிறைய வேண்டும், கை தடிக்க வேண்டும், மெலிந்த தோள் அகல வேண்டும் என்பவருக்குப் பருமன். அதைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஐம்பது தாண்டியவர்கள் இரண்டையும் மிதமாகச் சேர்த்துச் செய்யுங்கள். வயது ஏற ஏறத் தசையும் கரைகிறது, பலமும் குறைகிறது. பலம் இன்னும் வேகமாகக் குறைகிறது. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது அந்த வயதில் பெரிய சொத்து. மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு மற்ற இனங்களைவிட அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உறிஞ்சுவது தசைதான். அதனால் தொடையிலும் பிட்டத்திலும் தசை சேர்ப்பது அழகுக்கு மட்டும் அல்ல. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தொடங்கும் முன் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) சொல்லிவிடுங்கள். பயிற்சியால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அப்படியே. மூச்சை அடக்கிக் கனமான எடை தூக்கும்போது அழுத்தம் எகிறும்.

பெண்களுக்கும் இதே விதி, இதே அட்டவணை. கனமாகத் தூக்கினால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. பெண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மிகக் குறைவு. அவ்வளவு சுலபமாகப் பருமன் வந்துவிடாது.

பார்பெல்லை (இரு பக்கமும் பிளேட் மாட்டும் நீளக் கம்பியை) தொட்டே பழகாதவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் வாரம் மூன்று நாள், ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது), ரோ (குனிந்து எடையை வயிற்றுப் பக்கம் இழுப்பது), தோள் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது) இவற்றை 3 செட், 5 முதல் 8 தடவை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் சரியான வடிவில் முடிந்தால் 2.5 கிலோ கூட்டுங்கள். இந்தக் கட்டத்தில் பலமும் பருமனும் சேர்ந்தே வரும்.

மூன்றாம் படி: உங்கள் உச்ச எடையைக் கணக்கிடுங்கள்

ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடைதான் உச்ச எடை. அதை நேராகத் தூக்கிப் பார்ப்பது அனுபவசாலிகளுக்குச் சரி. மற்றவர்கள் கணக்குப் போட்டால் போதும். தூக்கிய எடையை 30ஆல் வகுத்து, எத்தனை தடவை தூக்கினீர்களோ அதனால் பெருக்கி, வந்த விடையை அதே எடையோடு கூட்டுங்கள். 60 கிலோவை 5 தடவை தூக்கினால்: 60ஐ 30ஆல் வகுத்தால் 2, அதை 5ஆல் பெருக்கினால் 10, 60உடன் கூட்டினால் 70. உங்கள் உச்சம் சுமார் 70 கிலோ. பத்துத் தடவைக்கு மேல் போன செட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் பிழை கூடும்.

கணக்குக்கு முன் ஒரு வேலை. உங்கள் ஜிம்மின் கம்பி உண்மையிலேயே 20 கிலோதானா என்று தராசில் வைத்துப் பாருங்கள். கடைவீட்டு ஜிம்களில் 12 கிலோ, 15 கிலோ கம்பிகளும் கலந்து கிடக்கும். பழைய பிளேட்டுகளில் பவுண்டு கணக்கு இருக்கும். 45 பவுண்டு என்றால் 20.4 கிலோ. ஒரு பக்கம் கிலோ, மறுபக்கம் பவுண்டு என்று போட்டு இடுப்பைச் சுளுக்கிக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி, பலம் வேண்டுபவர்களுக்கு: எட்டு வாரத் திட்டம்

வாரம் மூன்று நாள்.

திங்கள்: ஸ்குவாட் கனமாக, 5 செட், 3 தடவை. பெஞ்ச் பிரஸ் உச்சத்தில் 75 சதவீதம், 4 செட், 5 தடவை. ரோ 3 செட், 8 தடவை.

புதன்: பெஞ்ச் பிரஸ் கனமாக, 5 செட், 3 தடவை. டெட்லிஃப்ட் கனமாக, 3 செட், 3 தடவை. புல்-அப் (மேல் கம்பியில் தொங்கி உடம்பை ஏற்றுவது) 3 செட், முடிந்தவரை. ஆனால் இரண்டு தடவை மிச்சம் வைத்து.

சனி: ஸ்குவாட் 75 சதவீதம், 4 செட், 5 தடவை. தோள் பிரஸ் 5 செட், 4 தடவை. வயிற்றுக்குப் பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது).

கனமாக என்று சொன்னது வாரத்துக்கு வாரம் மாறும். முதல் வாரம் உச்சத்தில் 80 சதவீதம், இரண்டாம் வாரம் 82.5, மூன்றாம் வாரம் 85. நான்காவது இலகு வாரம்: 70 சதவீதம், 3 செட் மட்டும். ஐந்தாம் வாரம் மறுபடி 85, ஆறாம் வாரம் 87.5, ஏழாம் வாரம் 90. ஏழாம் வாரம் மட்டும் 4 செட், 2 தடவை. எட்டாம் வாரம் சோதனை. உச்சம் 70 கிலோ உள்ளவருக்கு 80 சதவீதம் 56 கிலோ. அப்படிப் பிளேட் கிடைக்காது, 55 போடுங்கள். 90 சதவீதம் 63, அதற்கு 62.5 போடுங்கள். சந்தேகம் வந்தால் எப்போதும் குறைத்தே போடுவது நல்லது.

செட்டுக்கு இடையே 3 முதல் 5 நிமிட ஓய்வு. இதுதான் நம்மவர்களுக்கு மிகவும் கஷ்டமான பகுதி. மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று தோன்றும். உட்காருங்கள். களைத்த நரம்பு அடுத்த செட்டில் பெரிய அலகுகளை முழுதாக அழைக்காது. அப்போது நீங்கள் பழகுவது மெதுவான, கோணலான ஒரு தூக்கைத்தான். கடைசி செட்டின் கடைசித் தடவையும் முதல் தடவை போலவே இருக்க வேண்டும்.

எடைக்கு ஏறும் முன் சூடேற்றம். அன்றைய வேலை எடை 60 கிலோ என்றால் வெறும் கம்பியில் 8 தடவை, 40 கிலோவில் 5, 50 கிலோவில் 3, பிறகு 60. சூடேற்றத்திலேயே பத்துப் பத்துத் தடவை செய்து சக்தியைக் கொட்டிவிடக் கூடாது.

டெட்லிஃப்டைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் முதுகை விலை கொடுத்து இதைச் செய்பவர்கள் அதிகம். மேலிருந்து பார்த்தால் கம்பி உங்கள் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே உள்ள கால் முன்னெலும்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி. குனிந்து கம்பியைப் பிடியுங்கள், கம்பியை உருட்டாதீர்கள். கால் முன்னெலும்பு கம்பியைத் தொடும்வரை முழங்காலை மடக்குங்கள். நெஞ்சை நிமிர்த்துங்கள், முதுகு நேராகும். வயிறு முழுக்க மூச்சை இழுத்து அடக்குங்கள். இப்போது தூக்க வேண்டாம், மெல்ல இழுங்கள். கம்பி பிளேட்டின் துளையில் உரசி ஒரு சின்ன "கிளிங்" சத்தம் வரும். அது தொய்வு போய்விட்டது என்பதற்கு அடையாளம். அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் காலால் தரையைத் தள்ள வேண்டும். சத்தம் வராமல் வெடுக்கென்று இழுப்பவர்களுக்கு முதல் விநாடியிலேயே முதுகு வளைந்துவிடும்.

நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தவர் அன்றைக்கே கனமான டெட்லிஃப்ட் செய்யக் கூடாது. ஞாயிறு விடுமுறை என்றால் டெட்லிஃப்டை அன்றைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குலை அதிகம் விளையும் மாதங்களில் செட்டைப் பாதியாகக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள்.

தனியாகப் பெஞ்ச் பிரஸ் செய்பவர்கள் ரேக்குக்குள் பாதுகாப்புக் கம்பிகளை நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அது இல்லையென்றால் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒருவரும் இல்லையென்றால் அன்றைக்கு டம்பெல் (ஒரு கையில் பிடிக்கும் எடை). இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஐந்தாம் படி, பருமன் வேண்டுபவர்களுக்கு

பத்துத் தடவை என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், மெலிந்த தொடைகளைத் தேற்ற எடைப் பயிற்சியைப் பயன்படுத்தினார். பத்துத் தடவை மட்டும் தூக்கக்கூடிய எடை, அது சுலபமானதும் எடையைக் கூட்டுவது என்ற முறையை 1945இல் வெளியிட்டார். பத்து என்ற எண்ணை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அதன் உயிரான படிப்படியாக எடை கூட்டுவதைத்தான் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

பிற்கால ஆய்வுகள் காட்டியது வேறு ஒன்று. கிட்டத்தட்ட இனி முடியாது என்ற இடம்வரை கொண்டுபோனால், ஆறு தடவை எடையிலும் முப்பது தடவை எடையிலும் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்கிறது. உச்ச பலம் மட்டும் கனமான எடையில்தான் தெளிவாகக் கூடுகிறது. அப்படியானால் ஏன் 6 முதல் 12 தடவை? அதில் நேரம் மிச்சம், மூட்டுக்கும் இதம். முப்பது தடவை ஸ்குவாட் செய்து பாருங்கள். தொடை ஓய்வதற்குள் மூச்சு ஓய்ந்துவிடும். கை, தோள் பக்கவாட்டு, கெண்டைக்கால் போன்ற சின்னத் தசைகளுக்கு 10 முதல் 20 தடவை வசதி.

பருமனை முடிவு செய்யும் பெரிய கணக்கு வாரத்துக்கு எத்தனை செட் என்பதுதான். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு 10 செட்டிலிருந்து தொடங்குங்கள். உடம்பு தாங்கினால் 16 வரை மெல்லக் கூட்டலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள். பயிற்சிக்குப் பின் தசையில் புரதம் சேரும் வேகம் ஒன்றிரண்டு நாள்தான் கூடுதலாக இருக்கும். திங்கள் நெஞ்சு, அடுத்த நெஞ்சு அடுத்த திங்கள் என்றால் வாரத்தில் பாதி வீண்.

நான்கு நாள் போதும்: இரண்டு நாள் மேல் உடம்பு, இரண்டு நாள் கீழ் உடம்பு. மேல் உடம்பு முதல் நாளில் பெஞ்ச் பிரஸ் 4 செட், ரோ 4 செட், சாய்வுப் பெஞ்சில் டம்பெல் பிரஸ் 3, மேலிருந்து இழுக்கும் புல்-டவுன் 3, தோள் பக்கவாட்டுத் தூக்கு 3, கை முன்புறம் 2, பின்புறம் 2. இரண்டாம் நாள் டம்பெல்லும் மெஷினுமாக மாற்றி, செட் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். கீழ் உடம்பு நாளில் ஸ்குவாட் 4, காலைப் பெரிதாக மடக்காமல் இறக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட் 3, ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழும் ஒற்றைக்கால் லஞ்ச் 3, கெண்டைக்கால் 4. காலை விட்டுவிட்டுக் கையை மட்டும் வளர்ப்பவர்களுக்கு என்னால் உதவ முடியாது.

ஓய்வு பெரிய தூக்குகளுக்கு 2 முதல் 3 நிமிடம், சின்னவற்றுக்கு 1 முதல் ஒன்றரை நிமிடம். பருமனுக்கு 30 விநாடி ஓய்வுதான் சரி என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். அவசரப்பட்டால் அடுத்த செட்டில் தடவை குறையும், மொத்த வேலை குறையும், வளர்ச்சியும் குறையும். எடையை இறக்கும்போது இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். தசை நன்றாக நீளும்வரை இறக்குங்கள். செட்டை எங்கே நிறுத்துவது? இன்னும் ஒன்றோ இரண்டோதான் முடியும் என்ற இடத்தில். புதியவர்கள் இதில் எப்போதும் குறைவாகவே மதிப்பிடுவார்கள். மாதம் ஒரு முறை, பாதுகாப்பான ஒரு மெஷினில், உண்மையிலேயே முடியாதவரை போய்ப் பாருங்கள். உங்கள் எல்லை எங்கே என்று புரிந்துவிடும்.

எடை கூட்டும் முறை இப்படி. ஒரு பயிற்சிக்கு 8 முதல் 12 என்று எல்லை வையுங்கள். நோட்டில் எழுதுங்கள். டம்பெல் ரோ, 20 கிலோ: முதல் வாரம் 10, 9, 8. அடுத்த வாரம் 11, 10, 9. பிறகு 12, 12, 10. பிறகு 12, 12, 12. மூன்று செட்டும் 12 தொட்டுவிட்டது, இனி 22.5 கிலோ. அன்று 9, 8, 8 என்று இறங்கும், பரவாயில்லை, மறுபடி ஏறுங்கள். நோட்டு இல்லாமல் பருமன் பயிற்சி செய்பவருக்குப் போன வாரம் என்ன தூக்கினோம் என்பதே நினைவிருக்காது. தசை புடைத்து விம்மும் அந்த உணர்வு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். நோட்டில் ஏறிய எண்தான் நிலைக்கும்.

ஆறாம் படி: சாப்பாடு

இரண்டு இலக்குக்கும் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு சுமார் 1.6 கிராம் போதும். 65 கிலோ உள்ளவருக்கு 104 கிராம். பவுடர் இல்லாமலே நம் ஊர்ச் சாப்பாட்டில் இதை எட்டலாம். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம், நான்கு முட்டைக்கு 24. சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45. தெம்பே (புளிக்கவைத்த சோயா) 100 கிராமில் 19 வரை. அரைக் கப் வெந்த பருப்பில் 8, 9. ஒரு குவளை பாலில் 8. கூட்டிப் பாருங்கள், வந்துவிட்டது. காலையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் மட்டும் சாப்பிட்டால் மாவும் எண்ணெயும் சர்க்கரையும்தான் மிஞ்சும். கூட இரண்டு அவித்த முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேறுபாடு மொத்தச் சாப்பாட்டில் வருகிறது. பருமன் வேண்டுபவர் தன் தேவையைவிட நாளைக்கு 200, 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் கால் முதல் அரை சதவீதம் ஏறினால் சரியான பாதை. 65 கிலோ உள்ளவருக்கு அது 160 முதல் 325 கிராம். அதைவிட வேகமாக ஏறினால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கண்டதையெல்லாம் வாங்கித் தின்றுவிட்டு உடம்பு ஏத்துறேன் என்று சொல்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல். பலம் மட்டும் வேண்டுபவர் எடை கூட்டாமலே முன்னேறலாம். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது.

கிரியேட்டின் என்ற துணை உணவுப் பொடி நாளைக்கு 3 முதல் 5 கிராம் இரண்டு இலக்குக்கும் உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஜிம் மூலையில் பெயர் ஒட்டாத குப்பியில் கை மாறும் ஸ்டீராய்டு ஊசி, மாத்திரைகள் பக்கமே போக வேண்டாம். அவை இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், ஆண்மைச் சுரப்பையும் அடக்கிவிடும். இருபது வயதுப் பையன்களிடம் இதைக் கொடுப்பவர்கள் மீது எனக்கு ஆத்திரமே வருகிறது.

அப்புறம் நம் வெக்கை. மூடிய மாடி அறையில் மாலையிலும் காற்று கனமாக இருக்கும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் மேலே ஏறாதீர்கள். ஈரக் கையில் கம்பி வழுக்கும். ஒரு துண்டும், கையில் பூசிக்கொள்ளக் கொஞ்சம் சாக் (chalk) பொடியும் பையில் இருக்கட்டும். இரவு ஷிப்டு பார்ப்பவர்கள் தூங்கி எழுந்த பிறகு பயிற்சி செய்யுங்கள், தூங்குவதற்கு முன் வேண்டாம்.

ஏழாம் படி: விரதமும் மாறும் காலமும்

தைப்பூசத்துக்கு முன் பல வாரம் சைவ விரதம் இருப்பவர்கள் அந்தக் காலத்தில் பயிற்சியை அடியோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. சேர்த்த பலத்தையும் தசையையும் காப்பாற்ற, சேர்க்கத் தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு செட் போதும், எடையை மட்டும் குறைக்காமல் இருந்தால். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு பெரிய தூக்குக்கும் 2 செட். தெம்பே, தௌஃபு, பருப்பு, தயிர், பால், கடலை என்று புரதத்தைப் பிரித்துச் சாப்பிடுங்கள். ஒரே வேளைச் சாப்பாடு என்று விரதம் இருப்பவர்கள் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் அலகு குத்தி, காவடி எடுத்தவர்கள் காயம் முழுதாக ஆறும்வரை தோள் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள்.

பூசம் முடிந்ததும் பன்னிரண்டு வாரம் பருமன் திட்டம், பிறகு எட்டு வாரம் பலத் திட்டம் என்று வருடத்தைப் பிரித்தால் நன்றாக அமையும். பருமனை முதலில் வைக்கக் காரணம் உண்டு. பெரிதான தசைக்குப் பலத்தின் உச்சவரம்பும் உயரும். அந்தப் புதுத் தசையை முழுதாக வேலை வாங்க நரம்புக்குப் பிறகு பழக்கிக்கொடுக்கலாம். பருமன் காலத்திலும் வாரம் ஒரு நாள் பயிற்சியின் தொடக்கத்தில், உடம்பு களைக்கும் முன், ஒரு பெரிய தூக்கை 3 செட், 3 தடவை கனமாகச் செய்து வாருங்கள். கனம் மறக்காமல் இருக்கும். இதை முடிவில் வைத்தால் பயன் இல்லை. களைத்த உடம்பு பலத்தைப் பழகாது.

ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் ஒரு வாரம் இலகுவாக விடுங்கள்: பாதி செட், 60, 70 சதவீத எடை, எதையும் முடியாதவரை கொண்டுபோகாமல். அந்த வாரக் கடைசியில் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றிலும் ஐந்து தடவை தூக்கக்கூடிய எடையைக் கண்டுபிடியுங்கள், ஒவ்வொன்றையும் வேறு வேறு நாளில். 30ஆல் வகுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் புது உச்சத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த திட்டத்தின் எல்லா எடைகளும் அந்த எண்ணிலிருந்துதான். பழைய எண்ணை அடித்துவிடலாம்.